ஜிஸ்மி இல்லாத பாதி

சதீஷுக்கு நடிக்க வரும் என்று கண்டுபிடித்தவள் அவன் மனைவி அல்ல. மாடி அறையில் வாடகைக்கு இருந்த பெண்.

மீனாட்சிபுரத்தில் பால் சங்கத்துக்கு எதிர்ச்சாரியில் சதீஷின் மாட்டுத்தீவனக் கடை. கடையின் பின்கட்டுதான் வீடு. கடைக்கு மேலே ஒற்றை அறை. மழை ஓய்கிற சமயத்தில் அந்த அறைக்கு ஜிஸ்மி குடிவந்தாள். ஊர் தேனிப் பக்கத்து மலைமேல் கம்பம்மெட்டு. அப்பா அங்கே ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறார். பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்க வந்தவள், படிப்பு போக மீதி நேரத்தில் போனை நிறுத்திவைத்து ரீல் எடுப்பாள். வாரத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல். அந்தச் சொல்லை வைத்து இங்கிலீஷ்காரர்கள் பேச்சுவாக்கில் என்னென்ன சொல்வார்கள் என்று தமிழில் விளக்குவாள். வெறுமனே பொருள் சொல்லிவிட்டுப் போகமாட்டாள், நடித்தும் காட்டுவாள்.

"இந்த வாரம் 'ஷாப்'புண்ணே," என்று ஒருநாள் படியிறங்கி வந்து நின்றாள். "கடைக்கு மேலயே குடியிருந்துக்கிட்டு நான் எங்கிட்டுப் போயி எடுக்க? நீங்கதான் கடைக்காரரு."

"நானுங்களா? எனக்கு ஏ பி சி டி-யே முக்கித்தான் வரும் அம்மிணி."

"நீங்க இங்கிலீஷ் பேச வேணாம். கடைக்காரரா நின்னாப் போதும். பேசுறது எம்பாடு."

முதலில் எடுத்தது 'புல் இன் எ சைனா ஷாப்'. பீங்கான் கடைக்குள் புகுந்த காளை. பதனமாக நடந்துகொள்ள வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற ஆளை அப்படிச் சொல்வார்களாம். பீங்கானுக்கு எங்கே போவது? தாது உப்பு டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கினார்கள். கன்றைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போன வள்ளியாத்தாளை நிறுத்தி, கன்றை உள்ளே விடச் சொன்னார்கள். கன்று டப்பாக்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே போய்ப் பருத்திக்கொட்டை மூட்டையில் வாயை வைத்தது. சதீஷ் பதறிப்போய் அதை இழுக்க, இழுத்த வேகத்தில் அவன் முதுகு இடித்துக் கோபுரம் மொத்தமும் சரிந்தது.

"காளை நீங்கதாண்ணே!" ஜிஸ்மி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சதீஷ் சிரித்தான். சாதாரணச் சிரிப்பு இல்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வந்து, மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர்களுக்கு டீ கொண்டுவந்த செல்வப்பிரியா உள்வாசலில் அப்படியே நின்றாள். பதினான்கு வருடமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறாள். இந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இருந்தது அவளுக்குத் தெரியாது. தன் பீரோவுக்குள்ளேயே கிடந்த நகையை வேறொருத்தி வந்து எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. டீயை மூட்டைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவளும் அதே கல்லூரியில்தான் பி.ஏ. ஆங்கிலம் படித்தாள். கல்யாணமான புதிதில் அவனுக்குக் கொஞ்சம் சொல்லித்தரப் பார்த்தாள். தீவனக் கம்பெனி அதிகாரிகள் வந்தால் நாலு வார்த்தை பேச வேண்டாமா என்று அவளுக்கு ஆசை. அவன் கொட்டாவி விட்டான். "எனக்கெதுக்குப் புள்ள இதெல்லாம்? மாடு தமிழ்லதான கத்துது," என்றான். அவளும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றியது. இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்கலாம். கன்றுக்குட்டியைக் கடைக்குள் விட்டுப் பாடம் நடத்தலாம் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை?

ஞாயிற்றுக்கிழமை ஜிஸ்மியும் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தாள். கோழிக்குழம்பு ஊற்றியதிலிருந்து பேச்செல்லாம் ரீலைப் பற்றித்தான். எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் நன்றாக இருக்கிறது, யார் என்ன கமெண்ட் போட்டார்கள், 'ஆல் ஓவர் தி ஷாப்' என்பதற்குக் கடையை எப்படிக் கலைத்துப் போடுவது.

"பாத்தீங்களாண்ணே, சோறு திங்கிறப்பவும் நம்ம தொழிலையே பேசுறோம். இதுக்குப் பேரு என்னா?"

"டாக்கிங் ஷாப்!" என்றான் சதீஷ், வாத்தியார் கேட்குமுன் கையைத் தூக்குகிற பையனைப்போல. வாயில் சோறு இருந்தது.

"அடிபொளி! ஒரே தொழிலு பாக்குற ரெண்டு பேரு ஒண்ணாச் சேந்துட்டா பந்தின்னும் பாக்காம அதையே பேசுறது." ஜிஸ்மி சட்டென்று திரும்பினாள். "சாரிக்கா. ஒங்களுக்கு போரடிக்கும்."

"எனக்கு அது தெரியும் ஜிஸ்மி. நானும் இங்கிலீஷ்தான் படிச்சேன்."

"நெசமாவாக்கா? அண்ணே, நீங்க சொல்லவே இல்ல!"

"அட ஆமா, அது படிச்சிருக்குது," என்றான் சதீஷ், எலும்பிலிருந்து கறியைப் பிரித்தபடி. "அதெல்லாம் அப்போ."

பந்தியில் மூன்று பேர். நான்காவதாக, 'அப்போ' படித்த அந்தப் பெண்ணுக்கு, இலை போட இடமில்லாமல் போனது. செல்வப்பிரியா ரசம் எடுத்துவர எழுந்தாள்.

அவள் தன்னையே குடைந்து பார்த்தாள். சந்தேகமா? இல்லை. சந்தேகமாக இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. சண்டை பிடிக்கலாம், அம்மா வீட்டுக்குப் போய் உட்காரலாம், அறையைக் காலி பண்ணச் சொல்லலாம். அந்தப் பெண் வாய்நிறைய அண்ணே என்கிறாள். காலையில் கோலப்பொடியை எடுத்துக் கொடுக்கிறாள். ஊருக்குப் போய்விட்டு வந்தால் முதல்தர ஏலக்காயாகப் பொறுக்கி செல்வப்பிரியாவின் கையில்தான் கொடுக்கிறாள். குறை சொல்ல எதுவுமே இல்லாத ஒருத்தியின்மேல் வருகிற எரிச்சலை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது? பாத்திரத்தில் இறக்கினாள். பாத்திரங்கள் அந்த வாரம் நிறையச் சத்தம் போட்டன.

கடைசியாக எடுத்தது 'ஷட் அப் ஷாப்'. கடையைக் கட்டிவிட்டு ஒரேயடியாகப் போய்விடுவது.

உச்சிவெயில் சரிகிற நேரம். சதீஷ் ஷட்டரை இழுத்தான். "அப்படியே பாதியில விட்டுருங்கண்ணே, வெளிச்சம் மூஞ்சிலயே விழுது," என்றாள் ஜிஸ்மி. உள்ளிருந்து பார்த்த செல்வப்பிரியாவுக்குத் திக்கென்றது. அந்தத் தெருவில் யாரும் ஷட்டரைப் பாதியில் நிறுத்தமாட்டார்கள். முழுக்க இறக்கினால் லீவு. பாதி இறக்கினால் எழவு. வீட்டிலோ தெருவிலோ யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். தேனிப் பக்கத்துப் பேச்சுப் பேசுகிற கம்பம்மெட்டுக்காரிக்கு அது தெரியாமல் இருக்கலாம், கடைக்காரனுக்குமா மறந்துபோகும்? சொல்லலாம் என்று வாயெடுத்தாள். சொன்னால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல நேரத்தில் குறுக்கே வந்து சாங்கியம் பேசுகிறவளைப் பார்க்கிற பார்வை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சதீஷ் துண்டால் கையைத் துடைத்தான். கேமராவைப் பார்த்தான்.

"ஏனுங்க, எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கறனுங்க. இத்தோட கடையைக் கட்டிப்போட்டனுங்க. எங்கப்பன் கையால தவுடு அளந்த கடைங்க இது. இனி என்னால முடியாதுங்க. மாட்டுக்கு நீங்க வேற பக்கம் பாத்துக்கங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

குரல் கடைசியில் உடைந்தது. கண் கலங்கியிருந்தது. ஒருகணம் ஜிஸ்மியே பேச மறந்துபோனாள். பிறகுதான் பக்கவாட்டிலிருந்து குதித்து வந்து, கைதட்டி, "இதைத்தான் 'ஷட் அப் ஷாப்'புன்னு சொல்லுவாக! பயப்படாதீக, அண்ணன் கடை நாளைக்கும் உண்டு!" என்று ஆரம்பித்தாள்.

தன் அப்பா செத்த அன்று சதீஷ் அழவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தான். செல்வப்பிரியா பின்னாலேயே போனபோது, "ஒண்ணுமில்ல, போ," என்றான். அன்று அவளுக்குக் காட்டாத முகம் இதுதான். அதை ஒரு பெண் 'அப்படியே நில்லுங்க' என்றதும் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் ரீல் வந்தது. செல்வப்பிரியா அதை அடுப்படியில் நின்று மறுபடி மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த முகத்தில் மனசு இளகுகிற நேரம் பார்த்து ஜிஸ்மி குதித்து வந்தாள். அந்த முகம் அவளுக்கு வேண்டும், தனியாக. அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, என்னுடையது என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டும். வீடியோ முடிகிற ஓரத்தை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுத்தாள். ஜிஸ்மியின் கை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கைதட்டல் கேட்டது. இன்னும் கொஞ்சம். ஜிஸ்மி முழுக்கப் போய்விட்டாள். 'என்ற மாமா' என்று எழுதி, ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டு ஏற்றினாள். அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் பாத்திரங்கள் சத்தமில்லாமல் கழுவப்பட்டன.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. தீவனத்துக்கு ஆர்டர் எடுப்பது அவளுடைய எண்ணில்தான். சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருக்கிற எல்லார் போனிலும் அந்த எண் உண்டு. ஜிஸ்மியின் ரீலைப் பார்க்கிறவர்கள் வேறு ஜனம், கல்லூரிப் பிள்ளைகள். பாலைக் கறந்து சங்கத்தில் ஊற்றுகிறவர்கள் ஸ்டேட்டஸ் பார்ப்பவர்கள்.

மறுநாள் காலை சங்கத்தில் வழக்கம்போல் கூட்டம். பால் ஊற்றியதும் கேனோடு ரோட்டைத் தாண்டிக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் வரவில்லை. அங்கிருந்தே கடையைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். "என்ன, எங்காச்சும் கோயில் நோம்பியா?" என்று சதீஷ் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். தீவன லாரி வருகிற நாள். லாரிக்குப் பதிலாக ஏஜெண்டின் போன்தான் வந்தது. "கேள்விப்பட்டனுங்க. வெசனப்படாதீங்க. லோடைக் கோபாலபுரத்துல எறக்கச் சொல்லீட்டேன்," என்று சொல்லிவிட்டு, சதீஷ் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

என்ன கேள்விப்பட்டார் என்று அவன் விழித்துக்கொண்டிருக்கையில் வள்ளியாத்தாள் வந்தாள். கடை வழியாக வரவில்லை. சந்து வழியாக வீட்டுக்குள் வந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி, ஒரு வார்த்தை பேசாமல் செல்வப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழவு வீட்டுக்குக் கேதம் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

"என்னங்க பெரியம்மா?"

"ஒளிக்காத கண்ணு. என்ன சீக்கு? நெஞ்சுலயா? பாலக்காட்டுல பாக்கறீங்களா, கோயமுத்தூரா?"

சதீஷ் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஆருக்குச் சீக்கு?"

வள்ளியாத்தாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தம்பி நல்லாத்தான் நிக்குது. அப்பறம் எதுக்குச் சாமி பாதி ஷட்டரு? 'இனி என்னால முடியாது'ன்னு அழுதுக்கிட்டுச் சொன்னயே, எங்கூட்டுல ஆருமே சோறு உங்கல. மாட்டுக்கு இனி ஆருகிட்டப் போறதுன்னு கோபாலபுரத்துக் கடைக்குச் சொல்லி உட்டுட்டம்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"உன்ற பொண்டாட்டிதான ஊருக்கே போட்டுட்டுது!"

போனை வாங்கி அவன் பார்த்தான். ஷட்டர், துண்டு, கலங்கிய கண். தப்பா நெனச்சுக்காதீங்க. அதோடு முடிந்தது. கீழே சிவப்பு இதயம்.

பஸ்ஸுக்குக் கிளம்பிப் பையோடு இறங்கி வந்த ஜிஸ்மி, "என்னாச்சுண்ணே?" என்று அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். வீடியோ மறுபடி ஓடியது. தான் குதிக்க வேண்டிய இடத்துக்காக அவள் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. அது வரவில்லை. மெதுவாக நிமிர்ந்து செல்வப்பிரியாவைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"இது தானாக் கட் ஆயிரும்ண்ணே," என்றாள் ஜிஸ்மி உடனே. "ஸ்டேட்டஸ்ல நீளமாப் போட்டா பாதியில நிறுத்திரும். எனக்கே ஒருக்கா ஆயிருக்கு. அக்கா மேல தப்பே இல்ல."

செல்வப்பிரியாவின் உடம்பு முழுக்கச் சுட்டது. இவள் ஒரு தடவையாவது கெட்டவளாக இருக்கக் கூடாதா?

"அதுக்கு என்ன பெரியம்மா தெரியும், பாவம்," என்றான் சதீஷ், மனைவியின் தோளில் கைவைத்து. "போனுல ஆர்டர் பாக்கறதோட சரி. இந்த வெட்டறது ஒட்டறதெல்லாம் அதுக்கு வராதுங்க."

தலையை ஆட்டினால் போதும். ஜிஸ்மி இன்னொரு வீடியோ எடுப்பாள், மத்தியானத்துக்குள் ஊர் சிரித்துவிட்டு ஓய்ந்துவிடும். அவள் பாவமாகிவிடுவாள். ஒன்றும் தெரியாத பாவம். 'மாடு தமிழ்லதான கத்துது' என்றதற்கு ஒருமுறை சிரித்து விட்டுக்கொடுத்ததற்கே இத்தனை வருடம் கழித்து 'அதெல்லாம் அப்போ' ஆகிவிட்டாள். இதையும் ஒப்புக்கொண்டால் இனி சாகிறவரை இந்த வீட்டில் அவள் அதுதான். மறுபக்கம் இருப்பது அதைவிட அசிங்கம். ஊர் வாயில் விழுவது. ஆனால் அது உண்மை, அவளுடையது.

"தானா ஆகலைங்க," என்றாள். "நாந்தான் வெட்டினேன்."

"எதுக்கு?"

"ஜிஸ்மி தெரியக்கூடாதுன்னு."

வள்ளியாத்தாள் வாயில் கைவைத்தாள். "அட என்ற சாமி!" கேதம் கேட்க ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவள் இப்போது நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஜிஸ்மி பையை இறக்கிக் கீழே வைத்தாள். "அக்கா, நான் அண்ணனைக் கூடப்பொறந்தவராத்தான்…"

"தெரியும் ஜிஸ்மி. நீ ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா எனக்கு இத்தனை எரிஞ்சிருக்காது. பஸ் வந்திரும், நீ கெளம்பு. சாயங்காலம் பேசிக்கலாம்."

அவள் போனாள். வள்ளியாத்தாளைக் கிளப்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. போகும்போது, "எங்கூட்டுக்காரரும் ஒருக்கா பால் டெஸ்ட் பண்ற புள்ளைகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாரு. நான் ஒரு மாசம் உப்பில்லாமக் கொழம்பு வெச்சேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சதீஷுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "லோடு போச்சு. ஊரே எனக்குச் சீக்குன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்குது. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"என்னன்னுங்க சொல்றது? எங்கிட்டக் கொட்டாவி உட்டீங்க, அவகிட்டச் சிரிக்கறீங்கன்னா? சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் நேர்மையாக யோசித்தான். "சிரிச்சிருப்பேன்."

"அதுதான்."

கல்லாப்பெட்டியருகே அவன் உட்கார்ந்தான். தரையில் சிந்திக் கிடந்த தவிட்டைக் காலால் ஒதுக்கினான்.

"உங்கப்பா போனன்னைக்கு மூட்டைக்குப் பின்னால நின்னீங்க," என்றாள். "நான் வந்தேன். போன்னு சொன்னீங்க. நேத்து அந்த மொகத்தை அவளுக்குக் காட்டினீங்க. அதை நான் எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு தயங்கித் தயங்கி, "நெசமாலுமே பொறாமையா புள்ள?" என்றான்.

நிமிர்ந்து பார்த்தாள். லோடு போன கவலையும் ஊர்ப்பேச்சின் கூச்சமும் இருந்த அந்த முகத்தில், வாயோரத்தில் மட்டும், மறைக்கத் தெரியாத ஒரு சந்தோஷம். தனக்காக ஒருத்தி இப்படி எரிந்திருக்கிறாள் என்கிற சந்தோஷம். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இத்தனை நாள் எரிந்தது அவள், குளிர் காய்வது இவனா?

அவள் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு முன்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக அழைத்தாள்.

"கடை இருக்குதுங்க… அவருக்கு ஒண்ணுமில்லீங்க, கல்லாட்டம் இருக்கறாரு… அது சும்மா நடிச்சதுங்க, மிச்சத்தை நான் வெட்டிப்போட்டேன்… இல்லீங்க, தெரியாம இல்ல. தெரிஞ்சுதான். அதுல இன்னொரு புள்ள வந்துச்சு, எனக்குப் புடிக்கல."

மறுமுனையில் சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டு, இங்க வா, இதைக் கேளு, என்று போனை ஸ்பீக்கரில் போட்டார். முகம் கொதித்தாலும் அவள் முதலிலிருந்து அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னாள். போகப் போகக் குரல் நடுங்குவது நின்றது. ஏஜெண்டிடம் பேசும்போது கொஞ்சம் அதட்டலே வந்துவிட்டது. "கடைக்காரரைக் கேக்காம லோடைத் திருப்பறது எந்த ஊரு நியாயமுங்க? நாளைக்கு வண்டி இங்க வரோணும்."

பின்னால் காலடி கேட்டது. சதீஷ் டீ போட்டுக் கொண்டுவந்திருந்தான். அவன் அடுப்படிக்குள் போய் அவள் பார்த்ததில்லை. ஏலக்காயை அளவில்லாமல் தட்டிப் போட்டிருக்கிறான், வாசனையே தூக்கியது. டம்ளரை நீட்டியபடி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று அடுத்த எண்ணைத் தொட்டாள்.